பேக்கேமன் ஆட்டத்தில் இரட்டிப்பு விதி: வரலாறு

பேக்கேமன் என்பது இரண்டு பகடைகளை உருட்டி, பலகையில் காய்களை நகர்த்தி ஆடப்படும் பழமையான பந்தய ஆட்டமாகும். அடிப்படையில் இது இருவர் ஆட்டம். ஆனால் பலர் சேர்ந்து ஆடும் வடிவமும் உண்டு. அதற்கு ஷுவெட் என்று பெயர். ஆட்டத்தின் நடுவிலேயே பந்தயத் தொகையை இரண்டு மடங்காக உயர்த்தும் உரிமையை ஆடுவோருக்கு அளிக்கும் இரட்டிப்பு விதி, 1920களில் அமெரிக்காவின் நியூயார்க் நகர மன்றங்களில் இந்த ஆட்டத்தில் சேர்க்கப்பட்டது. பலகையோ காய்களோ பகடையோ மாறவில்லை. காய்களை நகர்த்தும் விதி ஒன்றுகூட மாறவில்லை. இருந்தும் அதற்கு முன்பிருந்த பேக்கேமனும் பின்பு வந்த பேக்கேமனும் வேறுவேறு ஆட்டங்கள் என்று சொல்லும் அளவுக்கு அந்த ஒரு விதி ஆட்டத்தை மாற்றியது.

ஆட்டத்தின் அமைப்பு

பலகையில் 24 முக்கோண வடிவக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொருவருக்கும் 15 காய்கள். இருவரின் காய்களும் எதிரெதிர்த் திசையில் நகரும். எதிராளியின் காய் தனியாக நிற்கும் கட்டத்தில் தன் காயை வைத்தால் அது வெட்டுப்படும். வெட்டுப்பட்ட காய் முதலிலிருந்து சுற்றி வரவேண்டும். தாயம் ஆடியவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தாயத்தில் காயைப் பழமாக்குவது போல, இதிலும் எல்லாக் காய்களையும் தன் வீட்டுப் பகுதிக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பலகையை விட்டு முதலில் வெளியேற்றுபவர் வெற்றி பெறுவார்.

வெற்றி மூன்று வகைப்படும். தோற்றவர் ஒரு காயையாவது வெளியேற்றியிருந்தால் அது சாதாரண வெற்றி. பந்தயம் ஒரு மடங்கு. ஒரு காயைக்கூட வெளியேற்றாமல் தோற்றால் அதற்குக் கேமன் என்று பெயர். பந்தயம் இரண்டு மடங்கு. அத்தோடு அவருடைய காய் ஒன்று வென்றவரின் வீட்டுப் பகுதியிலோ, வெட்டுப்பட்டு நடுத்தண்டிலோ நின்றுகொண்டிருந்தால் மூன்று மடங்கு. ஆக, பந்தயம் பெருகுவது என்ற எண்ணம் இந்த ஆட்டத்துக்குப் புதியதல்ல. ஆனால் இந்தப் பெருக்கத்தைத் தீர்மானித்தது ஆட்டத்தின் முடிவு. ஆடுபவர் ஆட்டத்தின் நடுவில் நிறுத்தி, பந்தயத்தை உயர்த்துகிறேன், சம்மதமா என்று கேட்க வழியில்லை.

1920களுக்கு முன்

பலகையில் பகடை உருட்டிக் காய்களை எதிரெதிராக ஓட்டும் ஆட்டக் குடும்பம் மிகப் பழையது. ரோமானியர்களின் டபுலா ஆட்டத்தில் கிழக்கு ரோமப் பேரரசர் சீனோவுக்கு நேர்ந்த ஒரு மோசமான உருட்டல் 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நிகழ்வாக எழுத்தில் பதிவாகியுள்ளது. பாரசீகத்தில் இவ்வகை ஆட்டம் நர்து எனப்பட்டது. இந்திய மன்னர் ஒருவர் சதுரங்கத்தைப் புதிராகப் பாரசீகத்துக்கு அனுப்பினார் என்றும், பாரசீக அமைச்சர் புசுர்க்மிகிர் அதை விடுவித்து, பதிலுக்கு நர்தைப் படைத்து இந்தியாவுக்கு அனுப்பினார் என்றும் ஒரு பழைய பகலவி மொழி நூல் கூறுகிறது. இது கதைதான். ஆனால் அறிவின் ஆட்டமாகச் சதுரங்கத்தையும் விதியின் ஆட்டமாக நர்தையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதை அது காட்டுகிறது. இந்தக் கட்டுரையின் பொருளுக்கு அந்தப் பிரிவினை முக்கியமானது. இரட்டிப்பு விதி அசைத்துப் பார்த்தது அதைத்தான்.

இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில், ஐரிஷ் என்ற பழைய ஆட்டத்தின் விரைவான வடிவமாகப் பேக்கேமன் உருவானது. இரண்டு பகடைகளிலும் ஒரே எண் விழுந்தால் அதை இரண்டு முறைக்குப் பதில் நான்கு முறை ஆடலாம் என்பது முக்கிய மாற்றம். 1743-இல் எட்மண்ட் ஹாய்ல் இதற்கென்று ஒரு சிறு நூல் எழுதினார். பகடை வாய்ப்புகளைக் கணக்கிட்டு ஆடும் முறையை அவர் அதில் விளக்கினார். பிறகு ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆட்டத்தில் பெரிய மாற்றம் ஏதும் வரவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது வீட்டுக் கூடங்களில் பொழுதுபோக்காகத் தங்கியது. சூதாடிகளுக்கு அதில் ஈர்ப்புக் குறைவு. சீட்டாட்டங்களில் பணம் வேகமாகக் கைமாறியது.

ஆர்வம் குறைந்ததற்கு ஆட்டத்துக்குள்ளேயே ஒரு காரணம் இருந்தது. பாதி ஆட்டத்திலேயே யார் வெல்வார் என்பது பல நேரங்களில் தெளிவாகிவிடும். இருந்தாலும் கடைசிக் காய் வெளியேறும் வரை இருவரும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தோற்பவருக்கு அது வெறும் சடங்கு, வெல்பவருக்குக் காத்திருப்பு.

நியூயார்க் மன்றங்களில்

1920களில் நியூயார்க்கின் மன்றங்களில் ஆடியவர்களுள் யாரோ ஒருவர் இதற்கு வழி கண்டார். அவர் பெயர் வரலாற்றில் இல்லை. விதி எளிமையானது. தன் முறை வந்ததும், பகடையை உருட்டுவதற்கு முன், ஒருவர் பந்தயத்தை இரட்டிப்பதாக அறிவிக்கலாம். எதிராளி மறுத்தால் அந்த நொடியே ஆட்டம் முடிந்துவிடும். மறுத்தவர் அப்போதுள்ள பந்தயத்தைச் செலுத்திவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகலாம். ஏற்றுக்கொண்டால் ஆட்டம் இரட்டைப் பந்தயத்தில் தொடரும்; அடுத்து இரட்டிக்கும் உரிமை ஏற்றுக்கொண்டவருக்கு மட்டுமே உண்டு. அவர் திருப்பி இரட்டித்தால் பந்தயம் நான்கு மடங்காகும், உரிமை மீண்டும் கைமாறும்.

தொடக்கத்தில் தீக்குச்சிகளைக் கொண்டு இரட்டிப்புகளைக் கணக்கு வைத்தனர் எனப்படுகிறது. பின்னர் இரட்டிப்புக் கட்டை வந்தது. இது பகடையைப் போன்ற ஆறு முகக் கட்டை, ஆனால் உருட்டுவதற்கல்ல. முகங்களில் 2, 4, 8, 16, 32, 64 என்ற எண்கள் இருக்கும். தற்போதைய பந்தய மடங்கை மேல்முகம் காட்டும். அடுத்து இரட்டிக்கும் உரிமை யாருடையது என்பதைக் கட்டை யார் பக்கம் இருக்கிறது என்பது காட்டும். யாரும் இரட்டிக்காத நிலையில் கட்டை நடுவில் இருக்கும், இருவரும் அதைப் பயன்படுத்தலாம்.

புதிய முறை வேகமாகப் பரவியது. 1928 முதல் 1931 வரையிலான சில ஆண்டுகளில் பேக்கேமன் பற்றி அமெரிக்காவில் நூல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. குரோவனர் நிக்கலஸ், ஜார்ஜஸ் மபார்டி ஆகியோரின் நூல்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. மன்றத்துக்கு மன்றம் விதி வேறுபட்டதால் சச்சரவுகளும் கூடவே வந்தன. பணம் இரட்டிக்கும் இடத்தில் விதி தெளிவில்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம். 1931-இல் நியூயார்க்கின் ராக்கெட் அண்ட் டென்னிஸ் கிளப், வீட்டன் வானின் தலைமையில் விதிகளைத் தொகுத்து வெளியிட்டது. இன்று உலகெங்கும் ஆடப்படும் பேக்கேமன் விதிகளின் அடித்தளம் அதுவே.

மறுக்கும் உரிமை

பந்தயத்தை உயர்த்தும் ஆட்டங்கள் உலகில் பல உண்டு. மகாபாரதச் சூதில் தருமன் ஒவ்வோர் உருட்டலிலும் பெரிதாகவே வைத்துக்கொண்டு போகிறான். அழைப்பை மறுப்பது அவன் ஏற்ற நெறிக்கு ஒவ்வாதது. பேக்கேமன் இரட்டிப்பில் புதுமை இருந்தது உயர்த்துவதில் அல்ல. மறுப்பதற்கு ஒரு நிலையான, சிறிய விலை நிர்ணயிக்கப்பட்டதே அதன் புதுமை. மறுத்தால் இழப்பது ஒரு மடங்கு. ஏற்றுத் தோற்றால் இரண்டு மடங்கு. எப்போது ஏற்பது, எப்போது மறுப்பது என்பது அந்தக் கணத்தில் கணக்காகிவிடுகிறது.

கணக்கு இதுதான். பந்தயம் 1 என்று கொள்வோம். இரட்டிப்பை மறுத்தால் இழப்பு உறுதியாக 1. ஏற்றால், தோற்கும்போது 2 போகும், வெல்லும்போது 2 வரும். இந்நிலையிலிருந்து நான்கு ஆட்டங்கள் ஆடி அவற்றுள் ஒன்றை வெல்ல முடியும் என்றால், மூன்றில் 6 போய், ஒன்றில் 2 வந்து, மொத்த இழப்பு 4 ஆகும். நான்கையும் மறுத்திருந்தாலும் இழப்பு 4 தான். எனவே வெற்றி வாய்ப்பு 25 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஏற்கலாம், கீழே இருந்தால் மறுக்க வேண்டும். நான்கில் மூன்று பங்கு தோற்கும் நிலையிலுள்ள ஒருவர் இரட்டைப் பந்தயத்துக்கு ஒப்புக்கொள்வது சரி என்பதைப் புதிதாகக் கற்பவர்கள் எளிதில் நம்புவதில்லை.

இரட்டிப்பவர் பக்கத்தையும் ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். ஒருவருக்கு வீட்டுப் பகுதியின் 5-ஆம் கட்டத்தில் ஒரு காய், 2-ஆம் கட்டத்தில் ஒரு காய் என இரண்டே காய்கள் மீதம் உள்ளன. அவர் உருட்ட வேண்டும். இந்த உருட்டலில் இரண்டையும் வெளியேற்றாவிட்டால் எதிராளி அடுத்த உருட்டலில் நிச்சயம் முடித்துவிடுவார். இரண்டு பகடைகளில் விழக்கூடிய 36 வகைகளில் 19 வகைகள் இரண்டு காய்களையும் வெளியேற்றும். 17 வகைகள் வெளியேற்றாது. ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்ற இந்த நிலையிலும் இரட்டிப்பதே சரி. இரட்டிக்காவிட்டால் சராசரி இலாபம் 36-இல் 2 பங்கு. இரட்டித்தால் 36-இல் 4 பங்கு. எதிராளி மறுக்கவும் கூடாது. அவருக்கு 36-இல் 17 பங்கு வாய்ப்பு இருக்கிறது. இருவரும் சரியாக நடந்துகொண்டு, பந்தயம் இரட்டித்து, மீதியைப் பகடை முடிவு செய்யும்.

இது கடைசி உருட்டல் என்பதால் கணக்கு எளிது. ஆட்டத்தின் நடுவில் இன்னொன்றும் சேர்கிறது. ஏற்றுக்கொண்டவர் கையில் கட்டை இருக்கிறது. நிலைமை மாறினால் அவர் மட்டுமே திருப்பி இரட்டிக்க முடியும். முதலில் இரட்டித்தவரால் இனி அவரை வெளியேற்ற முடியாது. ஆகவே கட்டையை முன்கூட்டிக் கொடுப்பது ஓர் ஆயுதத்தைக் கொடுப்பதாகும். காலம் தாழ்த்திக் கொடுத்தால் எதிராளி மறுத்துவிட்டு ஒரு மடங்கோடு தப்பித்துவிடுவார். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய இடத்தைக் கண்டறிவதே நல்ல ஆட்டக்காரரின் அடையாளமாயிற்று. காய் நகர்த்துவதில் சமமான திறமை கொண்ட இருவரில், கட்டையைச் சரியாகக் கையாள்பவர் நாளடைவில் மற்றவரின் பையைக் காலி செய்துவிடுவார்.

ஷுவெட்: பலர் ஆடும் வடிவம்

மன்றங்களில் பலகை ஒன்று, ஆட விரும்புவோர் ஐந்து பேர் என்ற நிலை சாதாரணம். ஷுவெட் என்ற முறை அதற்கு விடையானது. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு ஆந்தை என்று பொருள். ஒருவர் தனியாக நின்று பலரை எதிர்த்து ஆடுவதை ஆந்தையாவது என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வார்கள். பகலில் வெளிப்பட்ட ஆந்தையைக் காக்கைகள் சூழ்ந்து கொத்துவதைப் பார்த்தவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

ஷுவெட்டில் ஒருவர் தனித்து ஆடுவார். அவருக்கு பாக்ஸ் என்று பெயர். மற்ற அனைவரும் ஓர் அணி. அணியின் தலைவரான கேப்டன் பகடை உருட்டிக் காய் நகர்த்துவார். மற்றவர்கள் அவருக்கு ஆலோசனை சொல்வார்கள். தொடக்கத்தில் ஆளுக்கொரு பகடை உருட்டி, அதிக எண் பெற்றவர் பாக்ஸ், அடுத்தவர் கேப்டன். பாக்ஸ் வென்றால் அணியில் ஒவ்வொருவரிடமிருந்தும் பந்தயத்தைப் பெறுவார். கேப்டன் வரிசையின் கடைசிக்குப் போவார். பாக்ஸ் தோற்றால் ஒவ்வொருவருக்கும் செலுத்திவிட்டு அவரே கடைசிக்குப் போவார். கேப்டன் புதிய பாக்ஸ் ஆவார்.

இங்கே இரட்டிப்பு விதி வேறு முகம் காட்டியது. நான்கு பேருக்கு எதிராக நிற்கும் பாக்ஸுக்கு ஒவ்வோர் இரட்டிப்பும் நான்கு இரட்டிப்புகள். கட்டை 4-இல் இருக்கும்போது அவர் கேமனில் தோற்றால், 4 மடங்கு கேமனால் 8 ஆகி, நான்கு பேருக்கும் சேர்த்து 32 மடங்கு செலுத்த வேண்டும். பந்தயம் 10 டாலர் என்றால் ஒரே ஆட்டத்தில் 320 டாலர். பாக்ஸ் இடத்தின் கவர்ச்சியும் அச்சமும் இதிலேயே அடங்கியிருந்தன. ஆட்கள் கூடும்போது பாக்ஸ் தன் சுமையைப் பகிர அணியிலிருந்து ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு வந்தது இதனால்தான்.

பழைய ஷுவெட்டில் ஒரே ஒரு கட்டை. எப்போது இரட்டிப்பது என்பதில் கேப்டனின் சொல்லே முடிவானது. பாக்ஸ் இரட்டித்தால் மட்டும் அணியினர் ஒவ்வொருவரும் தனித்தனியே ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம். மறுத்தவர் செலுத்திவிட்டு ஆட்டத்திலிருந்து விலகுவார். கேப்டனே மறுத்து மற்றவர்கள் ஏற்றால் அடுத்தவர் கேப்டனாவார். இந்த முறையில் துணிச்சலற்ற கேப்டனிடம் சிக்கிய அணியினர் வாய்ப்பு கைநழுவுவதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தம் பணம் வேறொருவர் தீர்ப்பில் தொங்குவதை நல்ல ஆட்டக்காரர்கள் விரும்பவில்லை.

அதனால் பிற்காலத்தில் அணியினர் ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டை கொடுக்கும் முறை வந்தது. ஒரு பலகை, ஒரே நிலை, ஆனால் நான்கு கட்டைகள். ஒருவர் இப்போதே இரட்டிப்பார், இன்னொருவர் காத்திருப்பார். பாக்ஸ் ஒருவரிடம் 2-இலும் மற்றொருவரிடம் 8-இலும் ஆடிக்கொண்டிருப்பார். நியாயமான ஏற்பாடாகத் தோன்றும் இது புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. ஒரே அணியில் இருப்பவர்களின் நலன்கள் பிரிந்துவிட்டன. 2-இல் ஆடும் கேப்டனுக்கும் 8-இல் ஆடும் உறுப்பினருக்கும் ஒரே நகர்த்தல் உகந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஒருவருக்குக் கேமன் தேடிப் போவது இலாபம். மற்றவருக்கு இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வது இலாபம். ஆலோசனையும் சுமையானது. அனுபவசாலி ஒருவர் இந்த நகர்த்தல் நல்லது என்று வாய்விட்டுச் சொன்னாலே, அது கட்டையைப் பற்றியும் சேதி சொல்லிவிடுகிறது. பல மன்றங்கள் கட்டை ஒருமுறை திரும்பும் வரை ஆலோசனையே கூடாது என்று தடைவிதித்தன.

இந்தத் தடையால் ஓர் இழப்பும் உண்டு. பழைய ஷுவெட் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. ஐந்து பேர் ஒரு பலகையைச் சுற்றி நின்று, ஏன் இந்தக் காய், ஏன் அந்தக் காய் என்று உரக்க வாதிட்டதைக் கேட்டே பலர் ஆட்டம் கற்றனர். கட்டணம் அதிகமான பள்ளிக்கூடம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மேலும் உயர்த்தும் விதிகள்

ஒருமுறை பந்தயத்தைப் பெருக்கும் சுவை கண்டவர்கள் அத்தோடு நிற்கவில்லை. இரட்டிப்புக்கு மேல் இரட்டிப்பாக வேறு சில விதிகளும் சேர்ந்தன.

முதலாவது, தானியங்கி இரட்டிப்பு. யார் முதலில் ஆடுவது என்று முடிவு செய்ய இருவரும் ஆளுக்கொரு பகடை உருட்டுவார்கள். இரண்டிலும் ஒரே எண் விழுந்தால், ஒரு காய்கூட நகர்வதற்கு முன் பந்தயம் தானாகவே இரட்டித்துவிடும். ஆறு ஆட்டத்தில் ஒன்றில் இது நடக்கும். 36-இல் ஒன்றில் அடுத்தடுத்து இருமுறை நடந்து பந்தயம் நான்கு மடங்காகும். 1930களிலேயே வழக்கிலிருந்த இந்த விதியில் முடிவெடுப்பதற்கு எதுவுமில்லை. மறுக்கும் உரிமை கிடையாது. மற்ற இரட்டிப்பு ஆட்டத்துக்கு அறிவைச் சேர்த்தது என்றால், இது சேர்த்தது பணத்தை மட்டுமே. ஓர் ஆட்டத்துக்கு ஒரு தானியங்கி இரட்டிப்புக்கு மேல் கூடாது என்று ஆடுவோர் முன்கூட்டியே வரையறை வைத்துக்கொள்வது வழக்கமானதில் வியப்பில்லை.

இரண்டாவது, பீவர். இது நீர்க்கரையில் மரம் கொறித்து அணை கட்டும் ஒரு வட அமெரிக்க விலங்கின் பெயர். இரட்டிப்பைப் பெறுபவர், உண்மையில் தானே முன்னிலையில் இருப்பதாகக் கருதினால், பீவர் என்று கூறி அந்த இடத்திலேயே மீண்டும் இரட்டிக்கலாம். கட்டையும் அவரிடமே இருக்கும். அதாவது 2 என்று வந்த கட்டை 4 ஆகி அவர் பக்கமே தங்கும். முதலில் இரட்டித்தவருக்குத் தன் கணிப்பில் இன்னும் நம்பிக்கை இருந்தால், ரக்கூன் என்று கூறி மேலும் ஒருமுறை உயர்த்தலாம். பந்தயம் 8 ஆகும். ஆந்தையில் தொடங்கிய ஆட்டம் இப்படி ஒரு சிறு காட்டையே சேர்த்துக்கொண்டது. தவறாக இரட்டிப்பவருக்கு விதிக்கும் தண்டனை என்ற அளவில் பீவருக்கு நியாயம் உண்டு. ஆனால் பெரும்பாலும் இருவரில் ஒருவர் பிழை செய்திருந்தால்தான் இந்த ஏணி ஏறும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஐந்து பேர் ஷுவெட்டில் தொடக்கத்தில் ஒரு தானியங்கி இரட்டிப்பு, நடுவில் இரண்டு இரட்டிப்புகள், கடைசியில் ஒரு கேமன் என்று வைத்துக்கொண்டால், பாக்ஸ் இழக்கக்கூடியது 64 மடங்கு. 10 டாலர் ஆட்டம் 640 டாலராகிவிடும்.

கடிவாளங்கள்

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்துக்குப் பிறகு பேக்கேமன் மோகம் தணிந்தது. 1960களில் அதை மீட்டெடுத்தவர் ரஷ்யப் பிரபுக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அலெக்சிஸ் ஓபலென்ஸ்கி. 1964-இல் பகாமாஸில் அவர் நடத்திய போட்டியும், 1967-இல் லாஸ் வேகஸில் தொடங்கிய உலகப் போட்டியும் ஆட்டத்தைத் தனி மன்றங்களிலிருந்து வெளியே கொண்டுவந்தன. பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் புகழ்பெற்றிருந்த பலர் பேக்கேமனுக்கு வந்தனர். அவர்களுள் ஆஸ்வால்ட் ஜேக்கபி, ஜான் கிராஃபோர்டு இருவரும் 1970-இல் சேர்ந்து எழுதிய நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. இரட்டிப்பு விதிக்குப் பூட்டப்பட்ட இரண்டு கடிவாளங்கள் இவர்கள் பெயரையே தாங்கியுள்ளன.

ஜேக்கபி இளவயதிலேயே காப்பீட்டுக் கணிப்பாளராகத் தேர்ச்சி பெற்றவர். இடர்களை எண்ணாக்குவது அவர் தொழில். ஜேக்கபி விதி பணத்துக்காக ஆடும் ஆட்டங்களுக்கானது. யாராவது ஒருமுறை கட்டையைத் திருப்பியிருந்தால்தான் கேமனுக்கு இரண்டு மடங்கும் அதற்கு மேலானதற்கு மூன்று மடங்கும் கணக்கிடப்படும். இல்லையென்றால் எந்த வெற்றியும் ஒரு மடங்குதான். இந்த விதி இல்லாதபோது, வலுவான முன்னிலையில் உள்ளவர் வேண்டுமென்றே இரட்டிக்காமல் கேமனைத் தேடி இழுத்துக்கொண்டே போவார். எதிராளி தப்பிக்கவும் முடியாமல் உட்கார்ந்திருப்பார். ஷுவெட்டில் சுற்றி நிற்கும் மற்றவர்களும் காத்திருக்க வேண்டும். ஜேக்கபி விதிக்குப் பின், கேமன் வேண்டுமானால் முதலில் இரட்டிக்க வேண்டும். இரட்டித்தால் எதிராளிக்கு விலகும் வழி திறக்கும். எந்தச் சலிப்பைத் தீர்க்க இரட்டிப்பு வந்ததோ, அதே சலிப்பு வேறு வாசல் வழியாக நுழைந்ததை இந்த விதி அடைத்தது.

கிராஃபோர்டு விதி புள்ளிகளுக்கான போட்டிகளுக்குரியது. 7 புள்ளிகள் பெறுபவர் வெற்றியாளர் என்ற போட்டியில் ஒருவர் 6-ஐ எட்டிவிட்டார் என்று கொள்வோம். பின்தங்கியவர் அடுத்த ஆட்டத்தைத் தோற்றால் ஒரு புள்ளியில் தோற்றாலும் இரண்டில் தோற்றாலும் போட்டி முடிந்தது. எனவே ஆட்டம் தொடங்கியவுடன் அவர் இரட்டித்துவிடுவார். அவருக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை, வென்றால் இரண்டு புள்ளி. முன்னிலையில் இருப்பவர் பாடுபட்டுச் சேர்த்த நன்மை பாதி கரைந்துவிடும். ஒருவர் வெற்றிக்கு ஒரு புள்ளி தூரத்தை முதன்முறையாக எட்டியதும், அடுத்த ஓர் ஆட்டத்தில் மட்டும் கட்டையைப் பயன்படுத்தக் கூடாது என்பது கிராஃபோர்டு விதி. அதற்குப் பிந்தைய ஆட்டங்களில் தடையில்லை. இன்று ஏறக்குறைய எல்லாப் போட்டிகளிலும் இது நடைமுறையில் உள்ளது.

கணிதமும் கணினியும்

மன்றங்களில் உள்ளுணர்வாக இருந்ததைக் கணிதவியலாளர்கள் 1970களில் கையில் எடுத்தனர். எம்மெட் கீலரும் ஜோயல் ஸ்பென்சரும் 1975-இல் வெளியிட்ட ஆய்வு, வெற்றி வாய்ப்பு துள்ளாமல் சீராக ஏறி இறங்கும் ஒரு கற்பனை ஆட்டத்தை எடுத்துக்கொண்டது. அதில் இரட்டிக்கச் சரியான இடம் 80 விழுக்காடு. 20 விழுக்காடு வரை ஏற்கலாம். எளிய கணக்கு தரும் 25-க்கும் இந்த 20-க்கும் உள்ள வேறுபாடுதான் கட்டையைத் தன் பக்கம் வைத்திருப்பதன் மதிப்பு. உண்மை ஆட்டத்தில் பகடை துள்ளும். சரியான எல்லை இவ்விரண்டுக்கும் இடையே, நிலைக்கு நிலை மாறும். 1977-இல் நார்மன் சாதேவும் கேரி கோப்லிஸ்காவும் இதை மேலும் நடைமுறைக்கு நெருக்கமாக்கினர்.

1979 ஜூலையில் மான்டி கார்லோவில் ஹான்ஸ் பெர்லினர் எழுதிய கணினி நிரல், அப்போதைய உலக வெற்றியாளர் லூயிஜி வில்லாவை 7-1 என்ற கணக்கில் தோற்கடித்தது. பலகை ஆட்டம் ஒன்றில் உலக வெற்றியாளரைக் கணினி வென்ற முதல் நிகழ்வு அது. பகடை நிரலுக்குச் சாதகமாக இருந்தது என்பதைப் பெர்லினரே ஒப்புக்கொண்டார். 1990களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கிய டிடி-கேமன், தனக்குத்தானே ஆடிக் கற்றுக்கொண்டு, காய் நகர்த்தலில் சிறந்த மனித ஆட்டக்காரர்களுக்கு அருகில் வந்தது.

நீதிமன்றத்தில்

1982-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரில் பேக்கேமன் போட்டி நடத்திய ஒருவர் மீது சூதாட்டத்தை ஊக்குவித்ததாக வழக்குத் தொடரப்பட்டது. பகடை உருளும் ஆட்டம், நுழைவுக் கட்டணம், பரிசுப் பணம் என்ற மூன்றும் சேர்ந்தால் அது சூதுதான் என்பது குற்றச்சாட்டின் சாரம். எதிர்த்தரப்பில் சாட்சி சொல்ல வந்தவர் பால் மாக்ரியல். கணிதப் பேராசிரியராக இருந்து 1978-இல் உலக வெற்றியாளரான இவர் 1976-இல் எழுதிய பேக்கேமன் நூல் இன்றும் அத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. நீதிபதி ஸ்டீபன் வாக்கர், பேக்கேமன் வாய்ப்பின் ஆட்டமல்ல, திறமையின் ஆட்டமே என்று தீர்ப்பளித்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டார். ஒரு காலத்தில் விதியின் சின்னமாக வைக்கப்பட்ட நர்து, சட்டத்தின் முன் சதுரங்கத்தின் பக்கம் வந்து நின்றது இப்படித்தான்.

கட்டை எல்லா ஊர்களுக்கும் போய்விடவில்லை. துருக்கியின் தேநீர்க் கடைகளில் தவ்லா என்ற பெயரில் ஆடப்படும் இதே ஆட்டத்தில் பொதுவாகக் கட்டை கிடையாது. கேமனுக்கு நிகரான மார்ஸுக்கு மட்டும் இரண்டு மதிப்பெண். ஈரானின் தக்தே நர்திலும் அப்படியே. மறுபுறம், 1992-இல் ஆன்ட்ரியாஸ் ஷ்னைடர் தொடங்கிய முதல் இணையப் பேக்கேமன் தளத்தில் பணம் என்ற பேச்சே இல்லை. உலகெங்குமிருந்து வந்தவர்கள் தரவரிசைப் புள்ளிகளுக்காக மட்டுமே ஆடினர். பந்தயப் பணத்தைப் பெருக்குவதற்காக நியூயார்க்கில் பிறந்த இரட்டிப்புக் கட்டை, கிராஃபோர்டு விதியோடு சேர்ந்து, அந்தத் தளத்தின் ஆட்டங்களிலும் இருந்தது.